பீரங்கியை இழுத்த எருதுகள்

ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கிப் போனால், எல்லை தாண்டியதும் வரும் முதல் கர்நாடக ஊர் அத்திபெலே. ஆனேக்கல் தாலுகாவில் உள்ள இவ்வூரைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில், 1768 முதல் 1799 வரை மைசூர்ப் படைகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளும் பலமுறை மோதின. பாராமகால் சமவெளியிலிருந்து மலையேறி வரும் பாதை இவ்வழியாகத்தான் பெங்களூர்க் கோட்டையை நெருங்கியது. ஓசூர், பாகலூர், ஆனேக்கல், கெலமங்கலம், இராயக்கோட்டை எனக் கிட்டக்கிட்டக் கோட்டைகள் எழுந்ததும் அதனால்தான்.

கோட்டையைப் பிடிக்கப் பெரிய பீரங்கி வேண்டும். களத்தில் ஓடியாடும் சிறு பீரங்கிகளின் குண்டு கருங்கல் மதிலில் பட்டுத் தெறித்து விழும். மதிலில் உடைப்பு விழ வேண்டுமானால் 18 அல்லது 24 பவுண்டு எடையுள்ள இரும்புக் குண்டு அதே இடத்தில் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப விழ வேண்டும். 24 பவுண்டுக் குண்டு வீசும் இரும்புப் பீரங்கி ஒன்றே ஏறத்தாழ இரண்டரை டன் எடை. அதைப் பல சோடி எருதுகள் முன்னால் இழுக்க, மேடு வந்தால் யானை நெற்றியால் பின்னிருந்து தள்ளும். குண்டு, வெடிமருந்து, அரிசி எல்லாவற்றுக்கும் தனித்தனியே பொதிமாடுகள். இத்தனை வாயில்லா உயிர்களுக்கும் நாள்தோறும் தீவனமும் தண்ணீரும் வழியோரத்து ஊர்களிலிருந்தே வர வேண்டியிருந்தது. இந்தப் போர்களின் வெற்றி தோல்வியைத் தளபதிகளின் திறமையால் மட்டும் விளக்குவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

1768 நவம்பரில் பாகலூரில் நடந்ததே இதற்கு முதல் சாட்சி. கம்பெனியின் கையிலிருந்த ஓசூரை, மைசூரை ஆண்ட ஹைதர் அலி முற்றுகையிட்டிருந்தார். அதை மீட்க வந்த கர்னல் வுட், வேகமாகப் போவதற்காகத் தம் மூட்டை முடிச்சுகளையும் 18 பவுண்டு வெண்கலப் பீரங்கிகள் இரண்டையும் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூருக்கு விரைந்தார். ஹைதர் சுற்றிவந்து பாகலூரில் புகுந்தார். அடைக்கலம் தேடிக் கோட்டை வாசலில் முண்டியடித்த மக்களும் மாடுகளும் நெரிபட்டு மாண்டனர். பீரங்கிகள் பெங்களூருக்குப் போயின. சில நாளில் வுட்டின் படையை ஹைதரின் நெடுந்தூரப் பீரங்கிகள் வாட்டின. பதிலுக்குச் சுட்டதில் வுட்டிடம் இருந்த வெடிமருந்து பெரும்பாலும் தீர்ந்தது. மேஜர் ஃபிட்ஸ்ஜெரால்டு வந்து சேர்ந்ததால் அவர் தப்பினார்.

அடுத்த பெரும் மோதல் மூன்றாம் மைசூர்ப் போரில் வந்தது. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1791 மார்ச் 5 அன்று கோலார், ஒசக்கோட்டை வழியாகப் பெங்களூரை அடைந்தார். 7ஆம் தேதி கோட்டையை ஒட்டிய பேட்டை விழுந்தது. அந்தச் சண்டையில் சென்னைப் பீரங்கிப் படையின் கர்னல் மூர்ஹவுஸ் இறந்தார். மதிலில் உடைப்பு விழுந்த பின், 21ஆம் தேதி இரவு கோட்டைக்குள் படை பாய்ந்தது. கோட்டைத் தலைவர் (கில்லேதார்) பகதூர் கான் போரிட்டு மடிந்தார்.

அதன்பின் மே மாதம் மைசூரின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிய பயணத்தில் கார்ன்வாலிஸ் களத்தில் வென்றும் தோற்றார். மே 15 அன்று அரகெரேயில் வெற்றி கிடைத்தது. ஆனால் மழையிலும் பசியிலும் எருதுகள் சாரிசாரியாகச் செத்தன. சிப்பாய்களே வடம் பிடித்துப் பீரங்கி இழுக்கும் நிலை வந்தது. கடைசியில் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார்.

அத்திபெலே வட்டாரத்தின் முக்கியத்துவம் அப்போதுதான் உயர்ந்தது. மாடும் நெல்லும் மேலே வர, பாராமகாலுக்கு இறங்கும் பாதை அவருக்குத் தேவைப்பட்டது. 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை வந்ததும் ஓசூர்க் காவல்படை கோட்டையைக் கைவிட்டது. அதே மாதத்தில் இராயக்கோட்டையும் விழுந்தது. தானியம் சுமந்துவரும் லம்பாடிகளையும் மாட்டு வியாபாரிகளையும் திரட்டும் வேலையில் அலெக்சாண்டர் ரீட் முன்னின்றார். அந்தப் போரை முடித்த 1792 உடன்படிக்கைக்குப் பின் பாராமகாலின் முதல் கலெக்டர் ஆனவரும் அவரே.

மைசூர்ப் படைக்கு இந்தச் சுமையிலிருந்து ஓரளவு விடுதலை தந்தது ராக்கெட். இரும்புக் குழலில் மருந்தைத் திணித்து மூங்கில் கழியில் கட்டினால், ஒரே ஆள் தூக்கிப் போகலாம். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாயும். குறி தவறினாலும் குதிரைகளையும் மாடுகளையும் மிரட்டிக் கலைக்கும். மாட்டை நம்பிய படைக்கு அதுவே போதுமான கேடு. இவற்றைப் பார்த்தே பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் ராக்கெட்டை உருவாக்கினார்.

நான்காம் மைசூர்ப் போரில், 1799 மார்ச்சில் கம்பெனிப் படையின் ஜெனரல் ஹாரிஸ் இராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம், ஆனேக்கல் வழியாக முன்னேறினார். புறப்பட்ட சில நாளிலேயே மாடுகள் சோர்ந்து விழுந்தன. சரக்குகள் வழியில் அழிந்தன. மைசூர்க் குதிரைப்படை முன்னே ஓடிப் புல்லையும் வைக்கோலையும் கொளுத்தியது. எதிரியின் பீரங்கியை நிறுத்த அது சரியான உத்திதான். எரிந்தது குடியானவனின் ஆண்டுத் தீவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாரிஸ், தீவனம் மிஞ்சியிருந்த கனகபுரம் பக்கம் தெற்கே திரும்பினார். மார்ச் 27 அன்று மளவள்ளியில் வென்றார். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, ஹைதரின் மகன் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார்.

மைசூர் நாட்டைப் பிரித்த அந்த ஆண்டுப் பங்கீட்டில் ஓசூர் கம்பெனிக்குப் போய்ச் சேலத்தோடு சேர்ந்தது. ஆனேக்கல் மைசூரில் நின்றது. இன்று அத்திபெலேயை ஒட்டி ஓடும் மாநில எல்லை பெரிதும் அந்தப் பங்கீட்டின் விளைவு. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் ஓசூர் தமிழகத்திலேயே இருந்தது.

வென்றவர்கள் கைப்பற்றியவற்றில் அமிர்த மகால் மந்தையும் ஒன்று. உடையார்கள் தொடங்கி, ஹைதரும் திப்புவும் பெருக்கிய இந்த மாடுகள் பீரங்கி இழுக்கப் பயன்பட்டவை. நடையில் வேகமும் தாக்குப்பிடிக்கும் உடலும் கொண்டவை. ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லியும் இவற்றின் உழைப்பைப் புகழ்ந்தார். 1860இல் சிக்கனம் கருதி ஆங்கில அரசு மந்தையை விற்றது. அதே பத்தாண்டுக்குள் தவறு புரிந்து மீண்டும் சேர்க்கத் தொடங்கியது. பீரங்கி இழுக்க வாகனங்கள் வந்தபின் அந்த இனத்தின் படைவேலை முடிந்தது. சிக்கமகளூரு மாவட்டத்தின் அஜ்ஜம்புரத்தில் உள்ள அரசுப் பண்ணையில் அமிர்த மகால் மாடுகள் இன்றும் வளர்க்கப்படுகின்றன.