கடனாக மாறிய நன்கொடை

கம்பஸில யாராவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போறாங்க எண்டா, நாங்கள் கேக்கிற முதல் கேள்வி "பொண்ட் எத்தினை வருசம்?" என்பதுதான். படிக்கக் காசு தருகிறோம், முடித்ததும் இத்தனை வருடம் வேலை செய் என்ற இந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் விசேட கல்வி ஆசிரியர்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். கதை நான் நினைத்த மாதிரி இல்லை.

1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பயந்துபோன அமெரிக்கா அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து மாணவர்களுக்குக் கடன் கொடுத்தது. அரச பாடசாலையில் படிப்பித்தால் வருடத்துக்கு 10 சதவீதப்படி பாதிக் கடன் வரை தள்ளுபடி. அதே 1958 இல் வந்த இன்னொரு சின்னச் சட்டம், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்தது.

1975 இல் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் ஒப்பமிட்ட சட்டம், மாற்றுத்திறனுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அதுவரை 10 லட்சம் பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்கு முற்றாக வெளியே இருந்ததாக அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. சரி, கதவைத் திறந்தாச்சு. படிப்பிக்க ஆக்கள் எங்க? அந்தத் தட்டுப்பாடு இன்றும் தீரவில்லை. அதனால் நிபந்தனைகளும் இறுகின. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசேட கல்விப் பயிற்சிக்கு ஒரு வருடப் புலமைப்பரிசில் எடுத்தால் இரண்டு வருடச் சேவை. செய்யாவிட்டால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

2007 இல் 'டீச்' நன்கொடை வந்தது. வருடத்துக்கு 4,000 டொலர் வரை கிடைக்கும். பதிலுக்கு, விசேட கல்வி போன்ற ஆள் தட்டுப்பாடான துறையில், வறிய பாடசாலையொன்றில், 8 வருடத்துக்குள் 4 வருடம் படிப்பிக்க வேண்டும். தவறினால் நன்கொடை கடனாகிவிடும். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டியும் ஏறும்.

கவனியுங்கள். 1958 இல் படிப்பிக்கப் படிப்பிக்கக் கடன் குறைந்தது. 50 வருடம் கழித்து, தந்த நன்கொடையே கடனாக மாறுகிறது. இதில் ஒழுங்காகப் படிப்பித்துக்கொண்டிருந்தவர்களும் மாட்டினார்கள். வருடாந்தப் படிவம் கொஞ்சம் பிந்தியது, அல்லது ஒரு கையொப்பம் விடுபட்டது, அவ்வளவுதான். 2018 இல் என்.பி.ஆர் வானொலி இதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் கல்வித் திணைக்களம் அந்தக் கடன்களை மீளாய்வு செய்ய இறங்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1975 சட்டம், ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை விசேட கல்விக்காக மத்திய அரசு தரலாம் என்று எழுதி வைத்தது. இன்றுவரை ஒரு வருடம்கூட அந்த அளவை எட்டவில்லை. அதற்கு வட்டியும் இல்லை, படிவமும் இல்லை.

பொண்ட் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணத்தில் படித்தவர், அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சக் காலம் கடமைப்பட்டவர்தான். ஆனால் 19 வயதில் கையெழுத்து வைக்கிற ஒருவரை மட்டும் கட்டிப்போட்டால் வகுப்பறைக்கு ஆசிரியர் வந்துவிடுவாரா? அடுத்தமுறை "எத்தினை வருசம்?" என்று கேக்கேக்க, மற்றப் பக்கம் எதுக்குக் கையெழுத்து வைக்குது எண்டும் கேப்பம்.