தோற்கிறவனுக்கும் ஒரு கூட்டம்

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த பஸ்களில் அப்பிள் பெட்டி வந்தது, பிளாஸ்ரிக் கதிரை வந்தது, ரெஸ்லிங் விசிடியும் வந்தது. திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட நான் அப்போது ஒரு சின்னச் சிடிக்கடை வைத்திருந்தேன். கம்பஸ் பெடியள் புதுப்படம் கேட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சட்டையோடு வருகிற சின்னவர்களோ படத்தட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். "அண்ணை, அண்டர்ரேக்கர் வந்தது இருக்கோ?" என்பதுதான் அவர்களின் கேள்வி. அவருக்கு ஏழு உயிர் என்றும் அதில் மூன்று போய்விட்டதென்றும் கணக்கு வைத்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வாடகை குறைந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு ரெஸ்லிங் வந்த விதமே வேறு. மற்ற இடங்களில் அது ஆண்டு வரிசையில் வளர்ந்தது. எங்களுக்கு எல்லா ஆண்டும் ஒரே பெட்டியில் வந்தது. 1990 ஜூனில் போர் மூண்டதோடு குடாநாட்டில் மின்சாரம் போயிற்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். ஸ்ரீவ் ஒஸ்ரினும் த ரொக்கும் அமெரிக்க அரங்குகளை நிறைத்த தொண்ணூறுகளின் பின்பாதி எங்கள் காதுக்கு எட்டவேயில்லை. ஆகவே 1987இல் அந்திரே என்ற மலைமனிதரைத் தூக்கிப்போட்ட ஹல்க் ஹோகனையும், 2002இல் கறுப்பு உடுப்போடு வில்லனாக வந்த ஹோகனையும் எங்கள் பெடியள் ஒரே கிழமையில் பார்த்தார்கள். இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்று ஒருவன் என் மேசையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

என் அம்மப்பாவுக்கு இந்தப் பெயர்கள் ஏறாது. அவர் காலத்துப் பெயர்கள் கிங்கொங், தாராசிங். கிங்கொங் என்ற எமில் சாயா 1909இல் இன்றைய ருமேனியாவில் பிறந்தவர். ஆசியாவின் ஊர்களெல்லாம் மேடையேறி, 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். பஞ்சாப்காரரான தாராசிங் 1959இல் கல்கத்தாவில் ஜோர்ஜ் கோர்டியென்கோவை வென்று கொமன்வெல்த் பட்டம் எடுத்தார். 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் எடுத்தார். 1987இல் தூர்தர்ஷன் இராமாயணத்தில் அனுமனாக வந்தவரும் அவர்தான். உயரமான அன்ரெனா பூட்டிய வீடொன்றில் அதைப் பார்த்துவிட்டு வந்த அம்மப்பா, "கிங்கொங்கைத் தூக்கினவனுக்குச் சஞ்சீவி மலை ஒரு பாரமோ?" என்றார்.

அம்மம்மாவின் கட்சி வேறு. "உது சும்மா நடிப்பு. அதுக்கேன் இந்தக் கத்தல்?" என்பார். அவர் சொன்னது சரி என்பதைக் கம்பனியே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1989இல் நியூஜேர்சி மாநில செனற் சபைக்கு முன், தாங்கள் நடத்துவது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனம் சொல்லிவிட்டது. விளையாட்டு என்றால் மாநில ஆணையத்தின் மேற்பார்வையும் வரியும் வரும், பொழுதுபோக்கென்றால் தப்பலாம். இரகசியம் உடைந்தால் கூட்டம் கலையும் என்று பயந்தவர்கள் பலர். அடுத்த ஆண்டே, 1990 ஏப்ரல் 1ஆம் திகதி, ரொறன்ரோவின் ஸ்கைடோமில் ஹோகனும் அல்ரிமேற் வோரியரும் மோதியபோது வந்தவர்கள் 67,678 பேர் என்று அதே கம்பனி அறிவித்தது.

இதில் எங்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முடிவு தெரிந்த சண்டையை நாங்கள் வருசா வருசம் பார்த்து வளர்ந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து நடக்கும் தூரத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் அங்கே சூரன்போர். முருகன் வெல்வார் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். சனம் வருவது சூரனைப் பார்க்க. யானைமுகமும் சிங்கமுகமும் மாறி மாறி வரும். இளந்தாரிகள் சூரனைத் தோளில் வைத்து ஆட்டிக்கொண்டு பாய்வார்கள், பின்வாங்குவார்கள், திரும்பவும் சீறுவார்கள். வேர்வை முழுக்கச் சூரன் பக்கத்துக்குத்தான். வீட்டுக்குத் திரும்பும்போது கிழவர்கள் பேசிக்கொள்வதும், "இந்த முறை சூரன் வடிவா ஆடினான்" என்பதுதான். ரெஸ்லிங்கிலும் பாதிச் சுமை வில்லனுடையது. அவன் நன்றாக ஆடாவிட்டால் வென்றவனுக்கும் பெருமையில்லை.

நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டம் என்ற அரிச்சந்திரன் நாடகத்துக்குப் போன சனமும் கதை தெரியாமல் போகவில்லை. அரிச்சந்திரனுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே விடிய விடிய இருந்து அழுதார்கள்.

ஆனால் கூட்டம் தனக்குக் கொடுக்கப்பட்ட பாகத்தை மறுத்துவிடுகிற நாட்களும் உண்டு. 2002 மார்ச் 17, அதே ஸ்கைடோம், 68,237 பேர். ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சானும் அவர்களில் ஒருவன். த ரொக் நாயகன், ஹோகன் வில்லன் என்பதுதான் கம்பனி எழுதிய கதை. மணி அடிக்கமுன்னமே அரங்கம் ஹோகனுக்காக எழும்பி நின்றது. ரொக் அடித்தால் ஊளை, ஹோகன் அடித்தால் ஆரவாரம். இருவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்; கூட்டத்தின் போக்கை விளங்கிக்கொண்டு அதற்கேற்ப ஆடினார்கள். எழுதியபடி ரொக்தான் வென்றார். பிறகு இருவரும் கைகொடுத்தார்கள்; தோற்ற ஹோகனுக்குத்தான் ஆரவாரம் அடங்கவில்லை. வில்லனாக வந்தவர் நாயகனாக வெளியேறினார். "எனக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் வேலைக்குப் போகேல்லை" என்றான் மச்சான். அந்த விசிடி கடைக்கு வந்தபோது எங்கள் பெடியளும் ஹோகன் பக்கமே நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூட்டம் வாயடைத்துப்போன நாளும் உண்டு. 2014 ஏப்ரல் 6, நியூ ஓர்லியன்ஸ். ரெஸ்லிங்கின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்ரேக்கரை புரொக் லெஸ்னர் வீழ்த்தினார். திரையில் 21–1 என்று விழுந்தது. ஊளையும் இல்லை, கைதட்டலும் இல்லை. வாயைப் பிளந்தபடி கண் பிதுங்க நின்ற ஒரு ரசிகரின் முகம் உலகமெங்கும் பரவியது. எங்களுக்கு அது திங்கட்கிழமை காலை. ஏழு உயிர்க் கணக்கு வைத்திருந்தவர்களில் ஒருவன், அப்போது கம்பஸில் படித்துக்கொண்டிருந்தவன், கடைவாசலில் வந்து நின்று, "அண்ணை, இது எத்தினையாவது உயிர்?" என்று கேட்டான். சிரிக்கத்தான் கேட்டான், முகத்தில் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கொடுத்ததைக் கூட்டமே திருப்பி எடுத்தும் இருக்கிறது. 2025 ஜனவரி 6ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து அரங்கில் ஹோகன் மேடையேறியபோது ஊளையிட்டார்கள். 2015இல் வெளிவந்த அவருடைய இனவெறிப் பேச்சைப் பலர் மறக்கவில்லை. அவருடைய அரசியலும் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 24இல் அவர் இறந்தார். அதற்கு முன், அந்த ஆண்டு மார்ச் 1ஆம் திகதி, ரோஜர்ஸ் சென்ரர் என்று பெயர் மாறிவிட்ட பழைய ஸ்கைடோமில், இருபது ஆண்டுக்கு மேல் நல்லவராகவே நின்ற ஜோன் சீனா, கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டு அடித்து வில்லனானார். அந்த அலறலை மச்சானின் மகன் எனக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தான்.

முடிவை எழுதுகிற அதிகாரம் கம்பனிக்கு உண்டு. யாருக்குக் கைதட்டுவது என்பதைக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ரிவிக்கு முன்னால் நின்று கத்தினால், "உது பொய்யடா" என்று நிப்பாட்டிவிடாதேயுங்கோ. சூரனுக்குக் கத்தின சனத்தின் பிள்ளைதான் அது. தம்பியைத் தூக்கிச் சீமெந்து நிலத்தில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ.