சின்ன எஞ்சினுக்குப் பெரிய மூச்சு



கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலையில் கரி இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆனால் துருத்தி ஊதாதவரை கரி மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும். துருத்தி ஊதத் தொடங்கியதும் கரி கனன்று எரிகிறது, இரும்பு சிவக்கிறது. நெருப்பின் வலிமை காற்றில் இருக்கிறது என்பதை நம் கொல்லர்கள் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார்கள். இதே உண்மையை வைத்து, இங்கிலாந்தில் ஒரு சின்னஞ்சிறு மோட்டார் கார் பெரிய கார்களை மலைக்க வைத்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்வோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே இடம் உண்டாகிறது. வெளிக்காற்று தன் அழுத்தத்தாலேயே, பெட்ரோல் ஆவியையும் சேர்த்துக்கொண்டு, அந்த இடத்தில் புகுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். ஆகவே பெட்ரோலை மட்டும் கூட்டிப் பயனில்லை, கரும்புகைதான் வரும். சக்தி கூட வேண்டுமானால் காற்றும் கூட வேண்டும்.

அதற்கு ஒரு வழி, எஞ்சினையே பெரிதாக்குவது. ஆனால் பெரிய எஞ்சின் கனமானது. மற்றொரு வழி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது. அப்படித் தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுழற்சியிலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியைப் பெறுகிறது. எஞ்சினின் துருத்தி என்று அதைச் சொல்லலாம்.

இந்த எண்ணம் பழையது. ஜெர்மானியரான காட்லீப் டைம்லர் 1885ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி யோசித்துக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில், உயரத்தில் காற்று மெலிந்து விமான எஞ்சின்கள் சோர்ந்துபோனதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் இதில் முனைந்தார்கள். 1923இல் இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பூட்டிய ஃபியட் கார் வென்றது. அதன்பின் பந்தய உலகம் முழுவதும் இதன் பின்னே ஓடியது.

நம் கதை இங்கிலாந்தில் எம்.ஜி. கம்பெனியில் தொடங்குகிறது. அதன் தலைவர் செசில் கிம்பர். 1928இல் லண்டன் கண்காட்சியில் அவர் மிட்ஜெட் என்னும் இரண்டு பேர் உட்காரும் சிறிய காரைக் காட்டினார். மோரிஸ் மைனர் என்னும் சாதாரணக் காரின் பாகங்களைக் கொண்டே அது செய்யப்பட்டது. எஞ்சின் 847 சி.சி.; சக்தி ஏறத்தாழ 20 குதிரைத்திறன்; விலை 175 பவுன். பெரும் பணக்காரர் அல்லாதவரும் வாங்கக்கூடிய விளையாட்டுக் கார் அது.

அந்நாளில் 750 சி.சி.க்கு உட்பட்ட எந்தக் காரும் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டதில்லை. ஜார்ஜ் ஐஸ்டன் என்னும் பொறியாளரும் ஓட்டுநருமானவர் எம்.ஜி. கம்பெனியோடு சேர்ந்து அதற்கு முயன்றார். எஞ்சினை 750 சி.சி.க்குள் சுருக்கி, பவர்பிளஸ் என்னும் சூப்பர்சார்ஜரைப் பூட்டினார்கள். 1931 பிப்ரவரியில் பிரான்சின் மோன்லேரி ஓட்டப் பாதையில் கடுங்குளிர். கார்பரேட்டர் உறைந்து தொல்லை கொடுத்தது. வேலையாட்கள் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டைத் தட்டி, குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டருக்கு முன்னால் மறைப்புச் செய்தார்கள். பிப்ரவரி 16இல் கார் மணிக்கு 103 மைலைத் தாண்டியது. அது ஏறக்குறைய 166 கிலோமீட்டர். கோடி ரூபாய் ஆய்வுக்கூடம் செய்யாத உதவியை அன்று ஒரு பீப்பாய்த் தகடு செய்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், ஒரு மணி நேரத்தில் 100 மைல் ஓட ஐஸ்டன் மறுபடியும் புறப்பட்டார். 101 மைல் ஓடி முடித்தார். ஆனால் மணி நேரம் முடிந்தபின் ஓடிய சுற்றில் எஞ்சின் சிதைந்து கார் தீப்பற்றியது. ஓடும் காரிலிருந்து குதித்து அவர் உயிர் தப்பினார்.

நேயர்களே, இங்கே சற்று நிற்போம். அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளும் எரியும். அதிகம் எரிந்தால் அதிக வெப்பமும் அழுத்தமும் உண்டாகும். பிஸ்டன் உருகலாம், சிலிண்டர் தலையின் அடைப்பு வெடிக்கலாம், எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே எரிந்து எஞ்சினைச் சம்மட்டிபோல் தட்டலாம். ஆகவே கிராங்க்ஷாஃப்ட், பேரிங், எண்ணெய் ஓட்டம், குளிர்விக்கும் அமைப்பு ஆகிய எல்லாவற்றையும் உறுதிப்படுத்த வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். துருத்தியை மட்டும் வாங்கி மாட்டினால் உலையே உடைந்துபோகும்.

எம்.ஜி. தொழிற்சாலை அமைந்திருந்த அபிங்டன் ஊரின் தொழிலாளர்கள் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். 1933இல் அவர்கள் உருவாக்கிய கே3 மேக்னெட் காரில் ஆறு சிலிண்டர், 1,087 சி.சி., முன்புறத்தில் சூப்பர்சார்ஜர். சக்தி சுமார் 120 குதிரைத்திறன். சக்திக்கு ஏற்ற பெரிய பிரேக்குகளும் இருந்தன. அவ்வாண்டு இத்தாலியின் 1,000 மைல் பந்தயத்தில் 1,100 சி.சி. பிரிவில் இக்கார்கள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. செப்டம்பரில் வட அயர்லாந்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், டாசியோ நுவோலாரி என்னும் புகழ்பெற்ற இத்தாலிய வீரர் கே3 காரில் வென்றார். இரண்டாவதாக வந்தவர் அதைவிடச் சிறிய எம்.ஜி. காரை ஓட்டிய ஹியூ ஹாமில்டன். இருவருக்கும் இடையே 40 விநாடிதான்!

அக்காலத்தில் இந்தக் கார்களின் டயர்களெல்லாம் இயற்கை ரப்பரால் ஆனவை. உலகுக்கு மிகுதியான ரப்பரை அளித்தது மலாயா. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து சீவிய பாலும் இத்தகைய சக்கரங்களில் உருண்டிருக்கும்.

அடுத்த ஆண்டு, 1934இல், டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் சூப்பர்சார்ஜருக்குத் தடை விதித்தார்கள். எம்.ஜி. ஒழிந்தது என்று நினைத்தீர்களா? இல்லை. துருத்தி இல்லாத மேக்னெட் காரைச் செய்து அனுப்பினார்கள். சார்லி டாட்சன் அதை ஓட்டி, பெரிய பென்ட்லி காரை 17 விநாடியில் முந்தி வென்றார். அதிகக் காற்றைத் தாங்குவதற்காகக் கற்ற வேலைத்திறன், அந்தக் காற்று இல்லாதபோதும் கைகொடுத்தது. கருவியைப் பறிக்கலாம், கற்ற வித்தையைப் பறிக்க முடியாது.

1935இல் கம்பெனி நிர்வாகம் கைமாறி, பந்தயப் பிரிவு மூடப்பட்டது. ஆனாலும் 1939 மே மாதம் ஜெர்மனியின் டெசாவ் நெடுஞ்சாலையில், கோல்டி கார்ட்னர் என்பவர் 1,100 சி.சி. எஞ்சினும் சூப்பர்சார்ஜரும் கொண்ட எம்.ஜி. காரில் மணிக்கு 203 மைலுக்கு மேல் ஓட்டினார். அது 327 கிலோமீட்டர். இன்று நம் சாலைகளில் ஓடும் பல சிறு கார்களின் எஞ்சினும் ஏறத்தாழ அதே அளவுதான்.

இளைஞர்களே, உங்களில் பலருக்கு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் ஆசை உண்டு. அது நல்ல ஆசை, தொழிலாகவும் வளரலாம். ஆனால் வேகம் கூட்டும் பாகத்தை வாங்குமுன், அந்த வேகத்தை எந்தப் பாகம் தாங்கும், எந்தப் பாகம் நிறுத்தும் என்று கேளுங்கள். ஐஸ்டன் ஓட்டியது மூடிய ஓட்டப் பாதையில். அங்கே எதிரில் வண்டி கிடையாது. நம் தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே கற்கும் வித்தை, எந்த எஞ்சின் வந்தாலும் உங்கள் கையில் நிற்கும்.