தார்ஃபூர்: மழை பொய்த்ததால் வந்த போரா?

போர்னு சொன்னா ராஜா, எல்லை, மதம் இதெல்லாம்தான் நமக்கு முதல்ல தோணும். இன்னைக்கு எபிசோட்ல நாம பார்க்கப்போற போர்ல புல், தண்ணீர், ஒட்டகம் எல்லாம் வரும். இடம், சூடான் நாட்டோட மேற்கு ஓரத்தில் இருக்கிற தார்ஃபூர்.

2007 ஜூன் மாசம், அப்போ ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த பான் கி-மூன் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். தார்ஃபூர் சண்டை ஒரு சுற்றுச்சூழல் நெருக்கடியாத்தான் தொடங்கிச்சு, அதுல காலநிலை மாற்றத்துக்கும் பங்கு இருக்கு என்பது அவர் வாதம். அதே மாசம் வந்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட அறிக்கையும், வடக்கு தார்ஃபூரில் 80 வருஷத்துல மழை மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்குன்னு சொல்லிச்சு. "காலநிலைப் போர்" என்ற பட்டம் இப்படித்தான் ஒட்டிக்கிச்சு.

சரி, இது எவ்வளவு தூரம் உண்மை?

அரபியில் 'தார்' என்றால் வீடு, தாயகம். தார்ஃபூர்னா ஃபூர் மக்களோட தாயகம். 1916-ல் பிரிட்டிஷ் படை சுல்தான் அலி தினாரைக் கொன்னு சூடானோட சேர்க்கும் வரைக்கும் அது தனி நாடு. விவசாயிகள் பெரும்பாலும் ஃபூர், மசாலித் மக்கள். வடக்கே ஒட்டகம் மேய்க்கிற அரபு நாடோடிகள். அறுவடை முடிஞ்சதும் நாடோடிகள் தெற்கே வருவாங்க. கொல்லையில மிச்சமிருக்கிற தட்டை ஒட்டகத்துக்குத் தீனி, ஒட்டகப் புழுக்கை நிலத்துக்கு உரம். எந்த வழியா மந்தை போகணும் என்பதெல்லாம் பேசி வெச்ச ஏற்பாடு. பயிரை மேய்ஞ்சுட்டா, ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்து நஷ்டஈடு பேசி முடிப்பாங்க.

1970-களில் மழை குறைய ஆரம்பிச்சு, 1984-85-ல் பெரும் பஞ்சம் வந்தது. வடக்கே மேய்ச்சல் நிலம் மணலாச்சு. நாடோடிகள் முன்கூட்டியே தெற்கே வந்தாங்க, பலர் திரும்பிப் போகல. விவசாயிகள் பயந்துபோய் முள்வேலி போட்டாங்க, மந்தை வரக்கூடாதுன்னு புல்லைக் கொளுத்தினாங்க. இதுவரைக்கும் பான் கி-மூன் சொன்னது சரிதான்.

ஆனா ஒரு விஷயம் இடிக்குது. மோசமான வறட்சி 1980-களில். பெரிய போர் வெடிச்சது 2003-ல். நடுவுல 20 வருஷம் இருக்கே? அந்த வறட்சி சஹேல் பகுதி முழுக்க இருந்தது. எல்லா இடத்திலும் இப்படி ஊர் ஊரா எரியலையே?

எங்க வேலையில சர்வர் விழுந்தா, "லோட் அதிகம்"னு சொல்லி டிக்கெட்டை மூட முடியாது. அந்த லோடைத் தாங்க வெச்சிருந்த ஏற்பாட்டை யார் கழட்டினாங்கன்னு பார்க்கணும்.

இங்கே கழட்டினது அரசு. பதிவு செய்யாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம்னு 1970-ல் ஜாஃபர் நிமேரி ஆட்சி சட்டம் போட்டது. அடுத்த வருஷமே இனக்குழுத் தலைவர்களோட நிர்வாகத்தையும் கலைச்சது. ஆக, பஞ்சம் வந்து தகராறு முத்தினப்போ, பேசித் தீர்க்கிற பழைய இடம் பலமிழந்து கிடந்தது. அதே நேரம் சாட் நாட்டுப் போரால தார்ஃபூருக்குள்ள துப்பாக்கிகள் வந்து குவிஞ்சன.

கார்ட்டூம் எங்களைப் புறக்கணிக்குதுன்னு கிளம்பின கிளர்ச்சிப் படைகள், 2003 ஏப்ரலில் அல் ஃபாஷிர் விமான நிலையத்தைத் தாக்கின. ஒமர் அல்-பஷீர் அரசு என்ன செஞ்சது? வடக்கு ஒட்டக மேய்ப்பர்கள்ல பல குழுக்களுக்குச் சொந்தமா 'தார்' கிடையாது. அந்த ஏக்கத்தைப் பயன்படுத்தி, அவங்கள்ல இருந்து ஆள் சேர்த்து, ஆயுதமும் பணமும் குடுத்து, ஜன்ஜாவீத் படையை ஃபூர், மசாலித், ஸகாவா கிராமங்கள் மேல ஏவி விட்டது. ஐ.நா. மதிப்பீட்டின்படி 3 லட்சம் பேர் வரை இறந்தாங்க. 20 லட்சத்துக்கும் அதிகமானவங்க வீடிழந்தாங்க.

பழியை மழை மேல போட்டா உத்தரவு போட்டவங்க தப்பிச்சுடுவாங்க. மழையைக் கூண்டில் ஏத்த முடியாது. ஆனா பஷீர் மேல 2009-ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பிச்சது.

கதை அங்கே முடியல. 2011-ல் தெற்கு சூடான் பிரிஞ்சதும் சூடானோட எண்ணெய்க் கிணறுகள்ல பெரும்பகுதி போச்சு. அடுத்த வருஷம் வடக்கு தார்ஃபூரோட ஜெபல் ஆமிர்ல தங்கம் கிடைச்சது. பற்றாக்குறைதான் சண்டைக்குக் காரணம்னா, தங்கம் வந்ததும் அமைதி வந்திருக்கணும் இல்லையா? சுரங்கத்துக்காக மறுபடி ரத்தம் ஓடிச்சு. 2013-ல் ஜன்ஜாவீத் ஆட்களைக் கொண்டே அரசு ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையை உருவாக்கினது. 2017-ல் அந்தச் சுரங்கம் அதன் தலைவர் ஹெமெட்டி கைக்குப் போச்சு. 2023 ஏப்ரல் 15-ல் அதே படை சூடான் ராணுவத்தோட மோத ஆரம்பிச்சது. 2025 அக்டோபரில் அல் ஃபாஷிர் அவங்க வசம் விழுந்தது.

புல் குறைஞ்சப்பவும் சண்டை, தங்கம் கிடைச்சப்பவும் சண்டை. ரெண்டுலயும் மாறாம இருந்தது ஒண்ணுதான்: பங்கு பேசித் தீர்க்க நம்பகமான இடம் இல்லை, துப்பாக்கி குடுக்க மட்டும் ஆள் இருந்தாங்க. மழை குறையறது இனி பல நாடுகள்ல நடக்கும். அதனால அடுத்த தடவை "தண்ணீர்ப் போர்"னு ஒரு தலைப்பைப் பார்த்தா, மழை எவ்வளவு பெஞ்சதுன்னு மட்டும் கேட்காதீங்க. பேசித் தீர்க்கிற இடத்தை யார் மூடினாங்கன்னும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.