அவ்வா எங்கயும் போகல, ஊருதான் போச்சு

ஆன்சைட் போன நம்ம கூட்டாளி ஒருத்தன், இங்கிலாந்துல ஏதோ பழைய ஊர்ல காட்டேஜ் எடுத்துத் தங்குனேன்னு நாப்பது போட்டோ அனுப்பியிருந்தான். வயித்தெரிச்சல் தாங்கல. நானும் ஆணி புடுங்கறதுக்கு நாலு நாள் லீவு விட்டுட்டு நம்ம 'காட்டேஜு'க்குக் கிளம்பிட்டேன். பள்ளிப்பட்டுல அவ்வா வீடு. ஓட்டு வீடு, திண்ணை, பக்கத்துல விசைத்தறிச் சத்தம். வாடகை கிடையாது, சாப்பாடு இலவசம் :-)

வரலாறுன்னா அவன் தங்குன ஊருக்கு மட்டும்தானா? அவ்வாவோட விலாசத்தைப் பாருங்க. 1940-ல் அவங்க பொறந்தப்ப இது சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்ப சித்தூரோட சேர்ந்து இதுவும் அங்க போச்சு. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1969-ல் தமிழ்நாடு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். இத்தனைக்கும் அவ்வா கல்யாணம் ஆகிப் போனதே அடுத்த தெருவுக்குத்தான்.

"நான் எங்கடா போனேன்? ஊருதான் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு"ன்னு சிரிக்கறாங்க.

நடுவுல நடந்தது சின்ன விஷயம் இல்ல. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் திருப்பதி வரைக்கும் கேட்டுப் போராடினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. படாஸ்கர்ங்கறவரை மத்தியஸ்தரா போட்டாங்க. கிராமத்தை ஒரு அலகா வெச்சு, அங்க எந்த மொழி பேசறவங்க அதிகம், நிலம் தொடர்ச்சியா இருக்கான்னு பாக்கறதுதான் அவர் கணக்கு. 1959-ல் சட்டம் வந்துச்சு. திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதி இந்தப் பக்கம். பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகா கிராமங்கள் சிலது அந்தப் பக்கம். சத்தியவேடு அப்படிப் போனதுதான்.

எங்க ஆபீஸ் பாஷைல சொன்னா இது டேட்டா மைக்ரேஷன். எவ்ளோ கவனமா பண்ணினாலும் கொஞ்சம் ரெக்கார்டு ரெண்டு பக்கமும் பொருந்தாம நிக்கும். எங்க குடும்பம் அந்த மாதிரி ரெக்கார்டு. வீட்ல தெலுங்கு. அவ்வா எட்டாவது வரை படிச்சது தெலுங்குல, அப்பா படிச்சது தமிழ்ல. எனக்குத் தெலுங்கு பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது.

இந்தத் தடவை பரண்ல தாத்தாவோட தறிக் கணக்கு நோட்டு கிடைச்சது. முழுக்கத் தெலுங்கு. அவ்வா படிக்கப் படிக்க நான் தமிழ்ல எழுதிக்கிட்டேன். நூல் வாங்குனது, கூலி குடுத்ததுன்னு போய்க்கிட்டே இருந்து, திடீர்னு 'இன்னிக்குப் பொண்ணு பொறந்தா. தறி ஓட்டல'ன்னு ஒரு வரி. அத்தையோட சரியான பொறந்த தேதியே இப்பதான் எங்களுக்குத் தெரியும்! அவ்வாவுக்குக் கண்ணுல புரை. நாலு நாள்ல பதினொரு பக்கம்தான் முடிஞ்சது. இன்னும் அறுபது பக்கம் இருக்கு. அவங்களை விட்டா வீட்ல வேற யாருக்கும் படிக்கத் தெரியாது.

திருத்தணி இங்க வந்தது நியாயம்னுதான் நெனைக்கிறேன். போராடினவங்க மேல மரியாதையும் உண்டு. ஆனா சத்தியவேட்டுல தெலுங்கு மீடியத்துல படிச்ச யாரோ ஒரு பேரன், அவன் தாத்தாவோட தமிழ் நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருப்பான்னு தோணுது. அவன் கிடைச்சா நல்லாருக்கும். அவன் நோட்டை நான் படிச்சுச் சொல்வேன், என் நோட்டை அவன் படிக்கட்டும்.

அதுவரைக்கும் அவ்வாதான். அடுத்த மாசம் மறுபடி லீவு கேக்கணும்.