வழி காட்டிய பாணரும் வழி மறித்த வாயிலும்

உச்சி வெயில். பாலை வழி. எதிரெதிரே இரு கூட்டங்கள் வருகின்றன. ஒரு கூட்டத்தார் வயிறு ஒட்டி, ஆடை கந்தலாகி, யாழைச் சுமந்து நடக்கின்றனர். மற்றொரு கூட்டத்தார் பட்டுடுத்து, பொற்றாமரை சூடி, பரிசிலோடு திரும்புகின்றனர். இரு சாராரும் இசைவாணர். ஒரே தொழிலில் இருப்பவர். பெற்றவன் பெறாதவனைக் கண்டால் என்ன செய்வான்? வள்ளலின் பெயரை மறைப்பான். கேட்டால் வேறு திசையைக் காட்டுவான். அதுவே உலகியல் என்பார்கள்.

நம் பண்டைப் பாணன் அவ்வாறு செய்தானில்லை. எதிர்ப்பட்டவனை நிறுத்தி, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, "நீயும் செல்க" என்று வழி காட்டினான். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரின் இப்பண்பைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்தது. பத்துப்பாட்டில் 5 பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஒன்று முருகனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய 4 பாட்டுகளும் கலைஞன் கலைஞனுக்கு வழிகாட்டுபவை.

அது வெறும் வாய்ச்சொல் அன்று. செங்கண்மா நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு மலைபடுகடாம் கூறும் அறிவுரைகளைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, தினைப்புனக் காவலரின் கவண்கல் எப்படி வரும், எவ்வூரார் என்ன உணவளிப்பர் என்பதெல்லாம் அதில் உண்டு. முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் பைகளிற் கட்டி, பலாமரத்தில் காய்கள் தொங்குவதுபோலச் சுமந்து நடந்த கூட்டம் அது. ஒருவர் கால் இடறினால் அனைவரின் இசையும் நின்றுபோகும் என்பதை அறிந்த கூட்டம்.

அவர்கள் வறுமையோ கொடிது. சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. அங்கே நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. சுவரிலே காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொள்கிறாள் கிணைமகள். கதவை அடைத்தவள் தான் மட்டும் உண்டாளா? இல்லை! சுற்றத்தார் அனைவருடனும் சேர்ந்து உண்டாள். ஊருக்கு அடைத்த கதவு உறவுக்கு அடைக்கப்படவில்லை.

மன்னன் கொடுத்தால் விருந்து, கொடுக்காவிட்டால் பட்டினி எனும் அவ்வாழ்வைப் பொற்காலம் என்று போற்ற நாம் வரவில்லை. ஆயினும் இழிவு அவர்களைத் தீண்டவில்லை. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையன்றி வேறு குடியில்லை என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடினார். அந்நால்வருள் மூவரின் பெயரிலேயே இசை ஒலிக்கிறதே!

பின்னர் நடந்தது என்ன? வேளிரும் குறுநில மன்னரும் மறைந்தனர். கோயில்கள் கொடையின் நடுவிடமாயின. அங்கே பாட்டைக் கேட்குமுன் பிறப்பைக் கேட்டனர்.

7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் மனைவி மதங்க சூளாமணியார் உடன் பாடினார். திருவாரூர்க் கோயில் வாயிலில் யாழ்ப்பாணர் நின்று பாட, அதைக் கேட்ட இறைவன் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுத்தான் என்கிறது பெரிய புராணம். பக்தர் இதை அருள் என்பர். நாம் கேட்பது ஒன்றே: எல்லாம் வல்லவனுக்கு, இருந்த வாயிலைத் திறந்துவிட ஏன் இயலவில்லை?

உறையூர்த் திருப்பாணாழ்வார் காவிரிக் கரையிலேயே நின்று பாடினார். லோகசாரங்கர் எறிந்த கல்லால் அவர்மேல் குருதி வழிந்தது. பின்னர் அம்முனிவரே அவரைத் தோளிற் சுமந்து அரங்கத்துக்குள் சென்றார் என்பது வைணவக் கதை. ஊன்றிப் பாருங்கள். தோளில் ஏற்றிச் சென்றபோதும், பாணரின் கால் அரங்கத்து மண்ணில் படவில்லை!

ஆனால் வரலாறு வேடிக்கையானது. தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபின், அவற்றின் பண் எவர்க்கும் தெரியவில்லையாம். சோழ மன்னன் தேடியது யாரை? எருக்கத்தம்புலியூரில், அதே யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்ணை! திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி இது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குலத்தின் பெண்ணே, உள்ளே ஓதும் பாட்டுக்கு உயிர் தந்தாள்.

அந்த யாழ் இன்று எங்கே? 21 நரம்பு கொண்ட பேரியாழும் 7 நரம்பு கொண்ட சீறியாழும் ஏட்டில் மட்டுமே எஞ்சின. அவற்றின் இலக்கணத்தை விபுலானந்த அடிகள் நூல்களிலிருந்து தேடித் தொகுத்து, 1947-இல் 'யாழ்நூல்' என வெளியிட வேண்டியதாயிற்று. வீணையின் வரவும் யாழின் மறைவுக்குக் காரணம் என்பர். இருக்கலாம். ஆயினும் மீட்டிய விரலை விலக்கி வைத்த சமுதாயத்தில், கருவி மட்டும் எவ்வாறு வாழும்?

தோழர்களே! பறையைச் சாவு வீட்டோடு ஒதுக்கிய நாட்டில், இன்று இளைஞர் பலர் அதனை மேடையேற்றுகின்றனர். மகிழ்ச்சி. ஆனால் கருவியை மேடையேற்றிவிட்டு, காலமெல்லாம் அதை அடித்தவரைத் தெருவிலேயே நிறுத்துவோமானால், நாமும் வடதிசை வாயில் வகுத்தவர்களே ஆவோம். பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டினான். அதுவே பாணர் விட்டுச் சென்ற செல்வம். அதை நாம் கைக்கொள்வோம். ஒதுக்கப்பட்டவர்க்கெனத் தனி வாயில் வேண்டாம், தலைவாயில் திறக்கட்டும்!