முதல் சில எழுத்துகள் மட்டும்

அகராதியில் ‘கடல்’ என்று தொடங்கும் சொற்களைத் தேடும்போது, நம் கண்கள் ஒவ்வொரு சொல்லின் முற்பகுதியை மட்டும் பார்த்து, பொருந்தாதவற்றை ஒதுக்கிவிடுகின்றன. கணிப்பொறியும் இதே வேலையை ஓயாமல் செய்கிறது. தனக்கு வந்த கட்டளை எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்த்துத்தான் அது அடுத்த செயலை முடிவு செய்கிறது. இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ‘சி’ என்னும் நிரல்மொழியின் வரலாறு அதற்கு விடை தருகிறது.

எல்லை காட்டும் சுழியம்

1960களில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியில், ஒவ்வொரு எழுத்துச் சரத்தின் முன்னாலும் அதன் நீளம் ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் அமைத்த ‘பி’ மொழி இம்முறையைக் கைவிட்டது. நீளத்தைச் சிறிய இடத்தில் குறித்தால் சரத்தின் நீளத்திற்கும் வரம்பு ஏற்படும் அல்லவா? எனவே, சரத்தின் இறுதியில் ஒரு தனிக் குறியை வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி படைத்த சி மொழியில் அந்தக் குறி சுழியம் ஆயிற்று.

இதன் விளைவு என்ன? சரம் தன் நீளத்தைத் தானே சொல்லாது. நிரல் எழுதுபவரே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைகீழான விடை

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘ஸ்ட்ர்கம்ப்’, ‘ஸ்ட்ரன்கம்ப்’ என்ற இரு சார்புகள் இருந்தன. முன்னது இரண்டு சரங்களை முழுமையாக ஒப்பிடும். பின்னது நாம் கொடுக்கும் எண்ணிக்கை வரை மட்டுமே ஒப்பிடும். அகரவரிசைப்படுத்தவும் இவை உதவ வேண்டும் என்பதால், முதற்சரம் வரிசையில் முந்தினால் குறை எண், பிந்தினால் மிகை எண், இரண்டும் ஒன்றானால் சுழியம் என விடை வரும். ஆனால் சி மொழியில் சுழியத்திற்கு ‘இல்லை’ என்றே பொருள்! ஆகவே ‘பொருந்துகிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், பொருந்துகிறது என்று கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையிலும் இடர் உண்டு. ‘ஸ்டாப்’ என்பது ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல். தவறுதலாக 3 என்று எழுதினால் ‘ஸ்டோர்’ என்ற சொல்லும் பொருந்திவிடும். 5 என்று எழுதினால் இறுதிச் சுழியமும் ஒப்பீட்டில் சேர்ந்து, முழுச் சொல் ஒன்றே ஏற்கப்படும்.

கடவுச்சொல் இல்லாமலே திறந்த கதவு

இந்த எண்ணிக்கையை வெளியார் தீர்மானிக்கும்படி விட்டால் என்ன நேரும் என்பதை 2017 மே மாதம் உலகம் கண்டது. அலுவலகக் கணிப்பொறிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க இன்டெல் நிறுவனம் அமைத்திருந்த ஏ.எம்.டி. என்ற வசதியில் பெரும் குறை இருப்பது வெளியாயிற்று. கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்பட்ட விடையையும் பயனர் அனுப்பிய விடையையும் ஸ்ட்ரன்கம்ப் ஒப்பிட்டது. எத்தனை எழுத்துகளை ஒப்பிடுவது? பயனர் அனுப்பிய விடையில் எத்தனை இருந்தனவோ அத்தனை! வெற்று விடை அனுப்பினால் ஒப்பிட வேண்டியவை சுழியம், வேறுபாடும் சுழியம், கதவு திறந்துவிடும். பல ஆண்டுகளாக விற்பனையான கணிப்பொறிகளில் இக்குறை இருந்தது.

பெயரில் கிடைத்த தெளிவு

1996இல் வெளிவந்த ஜாவா மொழியில் ‘இதில் தொடங்குகிறதா?’ என்று நேராகக் கேட்கும் வசதி இருந்தது. 2024இல் வெளியான சி மொழித் தரநிலையிலும் அது இல்லை. எனவே நிரலாளர்கள் தாமே அமைத்துக்கொண்டனர். ‘கிட்’ என்னும் மென்பொருளில், பொருந்தினால் சுழியம் தந்த பழைய சார்பு நீக்கப்பட்டு, ‘ஆம்’ என்று நேர் விடை தரும் ‘ஸ்டார்ட்ஸ் வித்’ இடம்பெற்றது. லினக்ஸ் கருநிரலில் 2018இல் சேர்க்கப்பட்ட சார்பு, முன்னொட்டின் நீளத்தைத் தானே அளந்துகொள்கிறது. பொருந்தினால் அந்த நீளத்தையே விடையாகத் தருகிறது.

சி மொழி பயிலும் மாணவர்களே, நீங்களும் இத்தகைய சிறு சார்பு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தைக் கையால் எண்ணி எழுதாமல், சார்பையே அளக்கச் செய்யுங்கள். கடவுச்சொல் போன்றவற்றைச் சரிபார்க்கும்போதோ முற்பகுதி போதாது. முதலில் இரண்டின் நீளமும் சமமா என்று பார்த்து, பிறகு முழுமையாக ஒப்பிடுங்கள்.